பிரசவ வார்டு வண்டி

எங்கள் மருத்துவமனையின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்த சங்கதியே என்னோடு வேலை செய்யும் மூட்டை அக்காவுக்கு வீட்டுக்குப் போய், மொட்டைமாடியில் சொட்டச் சொட்டத் தொங்கும் துணிகளைப் பார்த்த பிறகுதான் தெரியும். பத்தொன்பது வருஷமாக இதே கதை. ஊரார் துணியையெல்லாம் உலர்த்தித் தருகிறவளுக்கு இந்தக் கதி!

மடித்துக் கட்டிய துணிமூட்டைகளை வார்டு வண்டிகளில் எறிவது அவள் வேலை. நான் சீட்டைப் பார்த்து வார்டு பெயரைக் கத்துவேன். அவள் தலையைக்கூடத் திருப்பாமல் எறிவாள். குழந்தை வார்டு வண்டி நாலு எட்டில் நிற்கும். பிரசவ வார்டு வண்டி கோடியில், உயரமான மேடைமேல். ஒரு மூட்டைகூடத் தவறியதில்லை.

இந்த வருஷம் ஊழியர் கூடைப்பந்துப் போட்டிக்குப் பரிசு, மூன்றாம் மாடியில் ஜன்னல் வைத்த ஓய்வறை. கேட்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை அக்கா இருக்கும்போது என்ன பயம்?

பயிற்சியில் மானம் கப்பலேறியது. அவள் போட்ட பந்து வளையத்தைத் தவிர எல்லாவற்றிலும் பட்டது. கையில் வலு போதவில்லை என்று இரண்டு வாரம் தண்ணீர்க் கேன் தூக்கிப் பழகினாள். இன்னும் மோசம். நடுவராக வந்த பிசியோதெரபி சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லா வேலையையும் கைக்கே குடுக்குறீங்கம்மா. முழங்கால் மடங்கி எழும்பணும். அந்த வேகம் இடுப்பு, தோள், முழங்கைன்னு வரிசையா ஏறி வரணும். கடைசியிலதான் மணிக்கட்டு. ஒண்ணு முந்திக்கிட்டாலும் குறி போச்சு."

"இவ்வளவையும் யோசிச்சுட்டு நான் எப்ப சார் பந்தைப் போடுறது?"

"யோசிக்கவே கூடாதும்மா!"

எப்படியோ தட்டுத்தடுமாறிச் சமையல்கூடத்தோடு இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். புள்ளிகள் சமம். கடைசி நொடியில் ஒரு சமையல்காரர் அக்காவை இடித்துவிட, அவளுக்கு இரண்டு வீச்சு கிடைத்தது. ஒன்று விழுந்தால் போதும், ஜன்னல் எங்களுக்கு. கோட்டில் நின்றவள் "முழங்கால், இடுப்பு, தோள்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பழக்கதோஷத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினேன்.

"குழந்தை வார்டு!"

முழங்கால் மடங்கியது, இடுப்பு எழும்பியது, கை தானாக நீண்டது. அடடா, என்ன அழகு! பந்து நாலு எட்டுத் தள்ளிப் பொத்தென்று விழுந்தது.

சமையல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பாவி, எந்த வண்டியைடி சொல்ற?" என்று அக்கா என்னை முறைத்தாள். வெட்கமாவது ஒன்றாவது! எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"பிரசவ வார்டு!"

அக்கா வளையத்தைப் பார்க்கவே இல்லை. பந்து உள்ளே போய் வலையை உதறிக்கொண்டு இறங்கியது. நாங்கள் கத்திய கத்தலில் பிசியோதெரபி சார் விசிலை விழுங்காத குறை.

திங்கட்கிழமை இடைவேளையில் அக்கா எல்லோருக்கும் முன்னால் மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.

"அய்யய்யோ, மழைடி! மாடியில துணி கிடக்கே!"

"வீடு பக்கம்தானேக்கா, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடு."

அவள் நகரவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி நனைய விட்டுக்கொண்டு, "கிடக்கட்டும் விடு. பெய்யும்போதே பாக்குறது இப்பதானே" என்றாள்.