கூலிவீரனுக்காகத் திரும்பினேன்

எண்பதுகளில் நான் கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் இருந்தேன். விதியைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டேன் என்பார்கள்.

பக்கத்து வீட்டு அந்துவான், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். பாரிசிலிருந்து வந்திருந்த அவர் மகன், தான் எழுதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டை டிவியில் ஓடவிட்டான். கூலிவீரர்களும் பூதங்களும் முறை வைத்து நகர வேண்டும். பாரிஸ் திரும்பியதும் ஒரு கம்பெனியிடம் காட்டப்போகிறான். கடைசிக் கட்டம் ஓடுமா என்று யாரும் பார்த்ததில்லை. மெட்ராஸ் விமானத்துக்குக் கார் வாசலில் நின்றது. விதி தெரிந்தவர் என்று என்னை ஆட வைத்தான்.

"இவனுங்களுக்குப் பென்ஷன் உண்டா சார்?" என்றார் அந்துவான்.

"கூலிப்படைக்கு ஏது?"

கோட்டைக் கதவு மூட ஒரு முறைதான் பாக்கி; அதற்குள் வெளியேறினால்தான் கடைசிக் கட்டம் வரும். அப்போது என் வீரன் ஒருவன் அடிபட்டு விழுந்தான். மற்றவர்களை வெளியே நகர்த்தப் போனேன். அந்துவான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன விட்டுட்டுப் போறீங்களே!"

"விழுந்தவன் செத்த கணக்கு. அதான் விதி."

"இன்னும் சாவல சார். திரும்புங்க."

"வேணாம் மாமா, எல்லாம் வீணாயிடும்!" என்று மகன் அலறினான்.

திரும்பினேன். கதவு மூடியது. பூதங்கள் எல்லோரையும் தின்றன.

"ஏன் பப்பா?" என்றான் மகன், அழாத குறையாக.

"நான் அடிபட்டுக் கெடந்தப்ப ஒருத்தன் திரும்பி வந்தான்டா. நான் பொழைச்சேன், அவன் பொழைக்கல."

வீட்டில் அதுவரை அவர் சொல்லாத செய்தி. வெளியே கார் ஹாரன் அடித்தது. மகன் எழுந்திருக்கவில்லை. "அவர் பேர் என்ன?" என்றான்.

அதன் பிறகு, குடும்பப் பென்ஷன் கேட்டு வந்தவர்களிடம் விதிப்படி தேவையில்லாத ஒரு கேள்வியையும் கேட்க ஆரம்பித்தேன்: "அவர் எப்படிப்பட்ட மனுஷர்?"