இலையோடு வந்த ஒற்றைப் பூ

ஸ்பெயின் நாட்டு நூலெஸ் ஊரின் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் ஃபெர்மீ வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள், கமலா ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ரெமெய் என்ற பெண்மணி வந்து அவன் மேசைமேல் ஒரு கிளையைப் போட்டார். அன்றுதான் அவரை முதலில் பார்த்தான். ஏப்ரல் மாதம். ஊரே பூ வாசத்தில் கிறங்கிக் கிடந்தது. அந்தக் கிளையிலோ இலைதான் மதர்த்து நின்றது.

"படிச்ச புள்ள வந்திருக்குன்னாங்க. சொல்லு தம்பி, இது கமலா ஆரஞ்சா, வேலிச் செடியா? முந்நூறு மரமும் இப்படித்தான் நிக்குது."

ஃபெர்மீயின் அப்பா பழம் பறிக்கும் கூலியாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவன், அதுவும் விவசாயத்தில். கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டிசம்பர்ல என்னக்கா தெளிச்சீங்க?"

ரெமெயின் முகம் சிவந்தது. "பூ கொட்டுறப்போ காய் பிடிக்கத் தெளிப்போமே, அந்த ஜிப்ரலின்தான். போன வருஷத்து மிச்சம் கிடந்துச்சு. காயையே பிடிச்சு நிறுத்துற மருந்து, முன்னாடியே குடுத்தா பூவும் கூடும்னு நெனச்சேன்."

"பூத்தப்புறம் குடுத்தா காயைத் தாங்கும். குளிர்காலத்துல, கணுவுல வர்றது பூவா துளிரான்னு மரம் தீர்மானிக்கிற நேரம் பாருங்க, அப்பக் குடுத்தா துளிருன்னு சொல்லிரும். ஹார்மோன் ஒண்ணுதான், நேரம்தான் வேற."

"எந்தம்பி பத்திஸ்தே ரம்பத்தோட நிக்கிறான். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் வெட்டி வேற ரகம் ஒட்டுக் கட்டணுமாம். அப்பா நட்ட மரம்ப்பா."

இருவரும் உடனே தோட்டத்துக்குப் போனார்கள். பத்து மணிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் மத்தி மீனுமாக மரத்தடியில் உட்கார்ந்திருந்த பத்திஸ்தே நிமிர்ந்து பார்த்தார்.

"காகிதத்துல மரம் வளர்க்கிறவரு வந்துட்டாரா!"

ஃபெர்மீ ஒரு துளிரை வளைத்து அவரிடம் காட்டினான். நுனியில், இலைகளுக்கு நடுவே ஒரே ஒரு பூ.

"எல்லா மரத்திலயும் இப்படி அங்கங்க இருக்குண்ணே. இலையில்லாத கொத்துல நூறு பூத்தாலும் பெரும்பாலும் கொட்டிரும். இலையோட வர்ற ஒத்தப் பூதான் நிக்கும். ஜூன்ல பிஞ்சு உதிர்றது முடியட்டும், அப்புறம் பாருங்க."

"நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா ரம்பத்த நானே பிடிக்கிறேன்," என்றார் ரெமெய். "இப்ப ரொட்டியத் தின்னுடா."

ஜூன் முடிந்தது. மரத்துக்கு நாற்பது, ஐம்பது காய்கள் நின்றன. பத்திஸ்தே வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒட்டுக் கட்டச் சொல்லி வைத்திருந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நவம்பர் அறுவடை வழக்கத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பழமும் கை நிறைய இருந்தது. ஓய்ந்திருந்த மரங்கள் அடுத்த வசந்தத்தில் கிளை தெரியாமல் பூத்தன.

ரெமெய்க்கு இப்போது அறுபத்திரண்டு வயது. அன்று வெட்டாமல் விட்ட அந்த முந்நூறு மரங்களையும் இன்றும் அவரே பார்த்துக்கொள்கிறார்.