மாமனாரின் கட்டைவிரல்

சலவை இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, உள்ளே சுழலும் ஒற்றைக் காலுறையை அவள் படம்பிடித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவளைத் தாண்டிக் காலை வைத்துப் போகப் பழகிவிட்டார்கள்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு 'டைட்டில்காரி' என்று பெயர். திகில் படங்களில் பெயர்கள் ஓடும் முதல் இரண்டு நிமிடம்தான் அவள் பிழைப்பு. கத்தி, ரத்தம், கதவிடுக்கில் கண் என்று எதையும் தொடமாட்டாள். "பயமுறுத்துறத டைரக்டர் பாத்துக்குவார். பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கணும், அதுதான் நம்ம டிபார்ட்மெண்ட்" என்பாள்.

அந்த 'ஒரு மாதிரி'க்கு அவளிடம் கறாரான அளவுகள் உண்டு. கேமராவை மூன்று டிகிரி சாய்த்தால் சந்தேகம் வரும். பத்து டிகிரி சாய்த்தால் கழுத்துவலிதான் வரும். பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மயிரிழை தள்ளி வைப்பாள். ஃபிரிட்ஜின் உறுமலைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு இசைக்கு அடியில் ஒளித்துவைப்பாள். வெட்டவேண்டிய இடத்தில் காட்சியை வெட்டாமல் வேடிக்கை பார்ப்பாள்.

சென்ற ஆண்டு ஒரு படம், விஷம் வைப்பவனின் கதை. அவள் செய்ததை இயக்குநர் நான்கு முறை திருப்பி அனுப்பிவிட்டார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா பாத்தா தூக்கம் வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்." வியாழக்கிழமை காலை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவள் கண்ணில், எதிர் அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த மாமனார் பட்டார்.

மாமனார் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடுவார். ஒவ்வொன்றையும் போட்டபின், அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல், கட்டைவிரலால் ஒருமுறை அழுத்துவார்.

"மாமா, கழட்டிட்டு மறுபடி மெதுவாப் போடுங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

பதினோரு முறை கழற்றி மாட்டினார். அந்த விரலை மட்டும் திரை நிறைய எடுத்தாள். வேகத்தைக் குறைத்து, பொத்தான் துணியில் உரசும் ஓசையைப் பெரிதாக்கினாள். முகத்தைக் காட்டவே இல்லை. இயக்குநர் பார்த்து முடித்ததும் தன் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "யாரும்மா அந்தக் கொலகாரப்பாவி?" என்றார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. "அது என் விரலு" என்று மாமனாரே வீடு வீடாகப் போய்த் தூக்கிக் காட்டினார். வந்தது வினை. அவர் லிஃப்டில் பொத்தானை அழுத்தக் கை நீட்டினால், "அடடா, கேஸ அணைக்கல" என்று உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் எட்டுப் பேர் கேஸை அணைக்கவில்லை. அவர் ஆறாம் மாடிக்குப் படியேற ஆரம்பித்தார். முழங்கால் வீங்கியது.

"என்னப் பாத்தா எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் எண்ணெய் எடுத்து வந்து முழங்காலில் தேய்த்துவிட்டாள்.

பரிகாரமாக இன்னொரு படம் எடுத்தாள். சாய்வில்லாத கேமரா, பளிச்சென்ற வெயில், புல்லாங்குழல். மாமனார் அதே கட்டைவிரலால் தொட்டியில் விதை ஊன்றிவிட்டு, முகம் நிறையச் சிரிக்கிறார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டினாள். முடிந்த பிறகு ஒரு நாற்காலிகூட அசையவில்லை. செயலாளர்தான் கேட்டார்: "அந்தத் தொட்டிக்குள்ள என்ன இருக்கு?"

செய்தி எப்படியோ இயக்குநர் காதுக்குப் போய், அன்று மாலையே போன் வந்தது. "அந்தத் தொட்டியக் குடும்மா. அடுத்த படத்துக்கு டைட்டிலே அதுதான். உன் பேரத் தனியாப் போடுறேன்."

பத்து வருடமாக ஊரார் பெயரையெல்லாம் திரையில் நடுங்கவைத்தவள். அவள் பெயர் இதுவரை பதினாறு பேரோடு கூட்டத்தில் ஓடியதுதான். போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது எங்க மாமா சார். தர்றதுக்கில்ல" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது, படிப்பக்கம் திரும்பிய மாமனாரை லிஃப்டுக்குள் இழுத்துக்கொண்டாள். கதவு மூடும் நேரத்தில் காய்கறிப் பையோடு செயலாளரின் மனைவி ஓடி வந்தார். உள்ளே இருப்பவரைப் பார்த்ததும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுவிட்டார். மாமனார் சட்டென்று வலது கையைத் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நீங்க போங்க, நான் அப்புறமா..." என்று அந்த அம்மா உள்ளே வைத்த காலை எடுக்கப் பார்த்தார்.

"வாங்கக்கா. எந்த மாடி?"

"நா... நாலு."

மருமகள் மாமனாரின் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தாள். சின்னப் பிள்ளைக்குக் கைபிடித்து எழுதவைப்பதுபோல் அதைப் பிடித்து, அவர் கட்டைவிரலாலேயே நாலை அழுத்தினாள்.