எல்வுட் ஏற்றிவிட்ட முப்பத்தெட்டு

எல்வுட் ஹார்னுக்குப் பத்திரிகை, கருத்துக்கணிப்பு, பாதிரியார் எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. பென்சில்வேனியாவில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மேதை கண்டுபிடித்த ஒரே சத்தியம் அவர் போனில் இருந்தது. தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று ஜனங்கள் காசு கட்டும் இணையப் பந்தயத் தளம் அது. யார்மேல் காசு அதிகம் விழுகிறதோ, அவர் ஜெயிக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று எண்ணை ஏற்றிக் காட்டும். "சும்மா பேசுறவன் பொய் சொல்லுவான். காசு கட்டுறவன் சொல்ல மாட்டான்" என்று காபிக் கடையில் எல்லார் காதையும் புளிக்க வைப்பார்.

அவர் மனைவி டோரீனுக்குப் பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் அரசாங்கம் கைவைத்த கோபத்தில், எம்.பி. ஆகி வாஷிங்டனுக்கே போய்க் கேட்கிறேன் என்று தேர்தலில் நிற்கக் கிளம்பிவிட்டாள். அதற்கு முதலில் கட்சிக்காரர்கள் ஓட்டுப்போட்டு அவளைக் கட்சி வேட்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியில் மூன்று வக்கீல்கள், ஒரு டோரீன்.

ஒருநாள் காலை அவள் எல்வுட்டின் போனைப் பார்த்துவிட்டாள்.

"நாலா? நான் ஜெயிக்க நூத்துக்கு நாலுதான் வாய்ப்பா? காசு கட்டுறவன் பொய் சொல்ல மாட்டான்னு நீதானே சொல்லுவ? பேசாம விலகிக்கறேன்யா."

'நீ கெட்டிக்காரி, நில்லு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சல்லிக்காசு செலவில்லை. ஆனால் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் சொல்லாததை அன்றைக்குச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமே! மனுஷர் காருக்குள் போய் உட்கார்ந்து, மீன் பிடிக்கப் படகு வாங்கச் சேர்த்த பணத்தை எடுத்து அவள் பேரில் கட்டினார். அந்தச் சின்னத் தேர்தலுக்குப் பந்தயம் கட்டுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் இவர் கட்டக் கட்ட நாலு பதினொன்றானது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முப்பத்தெட்டு.

டோரீன் ஆளே மாறிப்போனாள். விலகும் பேச்சையே எடுக்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி, "முகம் தெரியாதவங்க, நூத்துக்கு முப்பத்தெட்டு பேர் என்னை நம்புறாங்க" என்று கண் கலங்கச் சொன்னாள். அது வாய்ப்பின் கணக்கு, ஆட்களின் கணக்கு இல்லை என்று யார் சொல்வது? எல்வுட்டா? உள்ளூர்ப் பத்திரிகை 'திடீர் எழுச்சி' என்று எழுதியதும், அதை வெட்டி எடுத்துக் காபிக் கடைக்குக் கொண்டுபோய், "பாத்தீங்களா? காசு பொய் சொல்லாது" என்று காட்டினாரே, அந்த வெட்கங்கெட்ட தைரியத்தை என்னவென்று சொல்ல!

ஓட்டுப்பதிவு நாளில் புருஷனும் பெண்டாட்டியும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வரிசையில் நின்றார்கள். வாக்காளர் பட்டியலை வைத்திருந்த மார்லின் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"உன் பேரு இல்லையே, எல்வுட்."

"நல்லாப் பாரும்மா. வருஷா வருஷம் இங்கதானே போடறேன்!"

"அது நவம்பர்ல வர்ற பொதுத்தேர்தல். இது கட்சிக்காரங்க மட்டும் போடற ஓட்டு. வாக்காளரா பேர் பதியும்போது எந்தக் கட்சியும் வேணாம்னு நீதானே எழுதிக் குடுத்திருக்க? இன்னிக்கு உனக்கு ஓட்டு கிடையாது."

யாருக்கும் அடிமையில்லை என்று இளவயதில் வீறாப்பாகப் போட்ட கையெழுத்து அது. அதோடு மறந்தும் போயிருந்தார்.

"ஏன்யா, கட்டின பெண்டாட்டிக்குப் போட ஒரு ஓட்டு இல்லையா உன்கிட்ட?" என்றாள் டோரீன். வரிசையே சிரித்தது.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஓட்டு என்ன பெரிய ஓட்டு! நாலுல கிடந்த உன்னை முப்பத்தெட்டுக்குத் தூக்கினது யாருன்னு நினைச்ச? படகுக் காசு பூரா உன்மேல கட்டியிருக்கேன்!"

சிரிப்பு நின்றது. டோரீன் அவர் பக்கம் திரும்பினாள்.

"முகம் தெரியாதவங்க... எல்லாம் நீ ஒருத்தன்தானா?"

"பின்னே?" என்றார், பெருமையாகவே. அடப்பாவி மனுஷா.

அவள் ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனாள். வெளியே வர வெகுநேரம் ஆனது. எல்வுட் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார்.

"யாருக்கும்மா போட்ட?"

"எனக்குத்தான். காசு கட்டாம ஒருத்தராவது என்னை நம்பணும்ல."