எமிருக்கு ஊற்றிய கோப்பி

முதியோர் இல்லத்தில் மாரடிப்பவர்களுக்குத் தெரியும்: மருந்து பிந்தினால் மன்னிப்புண்டு, மூன்று மணிக் கோப்பி பிந்தினால் கிடையாது. டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில் ஒன்பது வருடமாக அந்தக் கோப்பி வண்டியைத் தள்ளுகிறேன்.

பால் கோப்பி

இத்தாலிக்காரர் ஜூலியோ காலைக்குப் பிறகு பால் கோப்பி தொடமாட்டார்; அது வருத்தக்காரருக்குக் கொடுப்பது என்பார். சின்னக் கப்பில் கறுப்பாக, நின்றபடியே இரண்டு மடக்கு. டெனிஷ்காரர் போல ஃபிளாஸ்க் முடியும்வரை குந்தியிருந்து குடிப்பது அவருக்குப் பிடிக்காது. வேலைக்கு வந்த புதிதில், எங்கள் ஊர் உபசாரம் என்று நினைத்து, பின்னேரம் கேட்காமலே பாலும் சீனியும் தாராளமாகப் போட்டு நீட்டினேன். கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"டொக்டர் உன்னட்டை ஏதும் சொன்னவரோ?"

திறந்த ஜன்னல்

இங்கே யாராவது இறந்தால் உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, மெழுகுதிரி கொளுத்திவிட்டு, கோப்பி போடுவார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத சனம் நாங்கள். முதல் முறை எனக்குக் கை ஓடவில்லை. இறந்தவரின் மனைவி கியர்ஸ்டன் கட்டிலருகே இருந்து, ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டார்.

"கோப்பி மணத்துக்குத்தான் அவர் எழும்புறவர். இதுக்கும் எழும்பாட்டி, உண்மையாப் போயிட்டார்."

போட்டேன். நாங்கள் இருவரும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூடுதலாக ஒரு கப்

பொஸ்னியாக்காரி ஹாஜ்ரா சின்னச் செம்புப் பாத்திரத்தில் மண்டியோடு காய்ச்சுவார். தனக்கொரு கப், வரக்கூடியவருக்கு எதிரே ஒன்று. அது அவர்கள் ஊர் வழக்கம். ஹாஜ்ராவுக்கு வரக்கூடியவர், போரில் காணாமற்போன மகன் எமிர்.

குடித்ததும் அவர் கண்ணயர்வார். நான் கழுவ வேண்டும். என் அண்ணையும் அப்படிக் காணாமற்போனவர்தான். அந்தக் கோப்பியைத் தொட்டியில் ஊற்ற மனம் வராமல் ஒருநாள் குடித்துவிட்டேன். கண்விழித்த ஹாஜ்ரா வெறும் கப்பைக் கண்டு, எமிர் வந்துவிட்டுப் போனான் என்று அழுதார். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டார். பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? தினமும் களவாகக் குடித்தேன்.

போன மாதம் பத்து நாள் லீவு. நிறைந்த கப்பைக் கண்டு அந்த மனுசி உடைந்துபோவாரே என்று பத்து நாளும் எனக்கு நித்திரையில்லை. திரும்பி வந்ததும், எனக்குப் பதிலாக நின்ற சாந்தியக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, நீங்கள்தானே குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஏன் பிள்ளை குடிக்கிறன்? ஒவ்வொரு நாளும் வெறும் கப்பைத்தானே கழுவினனான்."

இப்போது வீட்டிலும் கூடுதலாக ஒரு கப் கோப்பி ஊற்றி வைக்கிறேன். அண்ணை தேத்தண்ணி மட்டுமே குடிப்பவர் என்பதுதான் என் ஒரே கவலை.