லெக் பீஸ் சீக்கிரம் அரையாது

குழந்தைகளை மெல்லவும் விழுங்கவும் பேசவும் பழக்குவது என் தொழில். குழந்தை வாயைத் திறப்பதற்குள் பெற்றோர் திறந்து என்னைத் தலைசுற்ற வைத்துவிடுவார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டி அலுத்துப்போன எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம்தான், கேளுங்கள்.

அரைத்த பிரியாணி

சாரம் பகுதியில் ஒரு மாடியில் என் கிளினிக். உழவர்கரையிலிருந்து ஸ்டெல்லா என்பவர் தன் நான்கு வயது மகள் ரோஸியைக் கூட்டிவந்தார். ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். தானாகச் சாப்பிடத் தெரியாவிட்டால் அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ரோஸியின் பேச்சும் கொழகொழவென்று, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். இருபது பல்லும் பளபளவென்று இருந்தன. ஒன்றுகூட ஒருநாளும் வேலை பார்த்ததில்லை.

இட்லி, தோசை, மீன் குழம்புச் சோறு எல்லாமே மிக்ஸியில் அரைத்துத்தானாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவே இல்லை.

“பிரியாணின்னா ரெண்டு சுத்து சேத்து வுடுவேன் மேடம். லெக் பீஸு சீக்கிரம் அரையாதுல்ல?”

வீட்டுப்பாடம்

பேக்கரி ரொட்டியின் ஓரத்தை விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கடைவாய்ப் பல்லில் வைத்து, தினமும் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து தடவை மென்று பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் ரோஸியின் அப்பா வந்தார், பெயின்டர். தினமும் தவறாமல் செய்தோம் என்றார். ஆனால் ரோஸியின் வாயில் ஒரு மாற்றமும் இல்லை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“புள்ள பாவம், தாடை வலிக்கும்னு நானே மென்னு குடுத்தேன் மேடம். பத்துன்னு சொன்னீங்க, நான் இருவது மென்னேன்.”

கேட்காத கேள்வி

அன்று மாலையே ஸ்டெல்லாவைப் போனில் வரச்சொல்லி, வந்ததும் கத்திவிட்டேன். பள்ளி திறக்க ஆறு வாரம்கூட இல்லை, மிக்ஸியைத் தூக்கிப் பரணில் போடுங்கள் என்றேன். அவர் அழவில்லை. மெதுவாகச் சொன்னார். ரோஸிக்கு ஒன்பது மாதத்தில் ஆப்பிள் துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் பிள்ளையின் உதடு நீலமாகக் கிடந்ததாம். எத்தனையோ கேள்வி கேட்ட நான் ‘ஏன் அரைக்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்கவே இல்லை.

“அந்த மிக்ஸி ஓடுற வரைக்கும்தான் எம் பொண்ணு உசுரோட இருக்கும்னு தோணுது மேடம்.”

ரத்தம்

அதன்பிறகு ரொட்டியை ஸ்டெல்லாவின் கையிலேயே கொடுத்தேன். அடைத்தால் என்ன செய்வதென்று முதலில் பழக்கினேன். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், அவர்தான் வைக்க வேண்டும். மூன்று வாரம் அவர் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டியதில் ரொட்டி கன்னத்தில்தான் குத்தியது. நான்காவது வாரம் கடைவாயில் சரியாக வைத்தார். ‘மொறுக்’ என்று ஒரு சத்தம். உடனே ஸ்டெல்லா அலறினார். அடைத்துவிட்டது என்று நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து எழுந்தேன். ரோஸி நிம்மதியாக மென்றுகொண்டிருந்தாள். ஸ்டெல்லா தன் விரலைத் தூக்கிக் காட்டினார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

“கடிச்சிட்டா மேடம்! பாருங்க, ரத்தமே வருது!”

ரோஸி இப்போது பள்ளியில் இட்லியைப் பிய்த்து மென்று தின்கிறாள் என்றாலும், ஒரு தாயின் விரலில் ரத்தத்தைப் பார்த்துக் கைதட்டிய நான் வேறு எந்தத் தொழிலுக்கும் இனி லாயக்கில்லை.