பெட்டியைத் திறந்த வரி

எழுபதுகளின் கடைசியில், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தோம். ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். மதியத்துக்கு மேல் நான் வாரப்பத்திரிகைச் சிறுகதை வாசிப்பேன். என் பங்குக் கொட்டையை மற்றவர்கள் உடைத்துவிடுவார்கள். பாதியில் பக்கத்தை மடிப்பேன். முடிவு என்னவென்று எல்லோரும் சொல்ல வேண்டும். பிறகு மாற்றிச் சொல்லலாம், ஆனால் எந்த வரி மாற்றியது என்று சொல்லியாக வேண்டும்.

அன்றைய கதையில், கட்டிக்கொடுத்த மகள் கையில் காயத்தோடும் தகரப்பெட்டியோடும் அப்பா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். மடித்தேன்.

எங்களில் மூத்த அக்காவின் மகளும் எட்டு நாளாக அப்படித்தான் வந்து கிடந்தாள். வெள்ளிக்கிழமை குரும்பலூர் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

“விடிஞ்சதும் மொத பஸ்ஸுல இழுத்துட்டுப் போயிடுவான் பாரு,” என்றார். “பெத்தவன் வேற என்னத்தப் பண்ணுவான்?”

மேலே வாசித்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

“நிறுத்துடி.” கொட்டையின் எண்ணெய் சுடாமலிருக்கச் சாம்பல் பூசிய அக்காவின் கை அப்படியே நின்றது. “நான் சொன்னது தப்பு. அனுப்ப மாட்டான்.”

“ஒரு வாய்ல ரெண்டு பேச்சாக்கா?” என்று பக்கத்திலிருந்தவள் சீண்டினாள்.

“அடி போடி. அனுப்புறவன் பெட்டியத் தொறப்பானா? எங்க வூட்ல அது பூட்டுனபடியே கதவோரம் கெடக்கு. நான் தொடவே இல்லியே.”

மீதியை வாசித்தேன். கதையில் அப்பா காலையில் புடவைகளை மடித்து வைத்து, மகளை பஸ் ஏற்றிவிட்டார்.

“தோத்துட்டீங்கக்கா!”

“நான் எங்கடி தோத்தேன்? தொறந்தவனுக்கு மூட மனசு வராது. எழுதுனவருக்கு அது தெரியல.”

அச்சில் வந்துவிட்டால் சரி என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். எழுத்துத் தெரியாத அவர், முடிவை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். அவரைப்போல் படிக்க இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, குரும்பலூர் போக ஏற வேண்டிய பெரம்பலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அக்காவின் மகள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கையில் சாம்பல் பூசிக்கொண்டிருந்தாள்.

“பெட்டி என்னாச்சுக்கா?” என்றேன்.

“அதுலயா? கோழிய அடைவெச்சிருக்கேன்.”